கைக்கு வந்த முதல்

1924 ஆம் ஆண்டிலே, கொழும்பிலிருந்து மலையேறி வந்த இருப்புப்பாதை பதுளை நகரை எட்டி நின்றது. அதற்கு அப்பால் ஒரு முழமேனும் செல்லவில்லை. பாதை முடியும் ஊர் எங்கள் ஊர். இங்கே பிறந்து, இங்கேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியத் தொழில் புரிந்து ஓய்வு பெற்றவன் நான். பாதை முடியும் ஊரில் வாழ்பவனைத் தேடி வருவோர் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: ‘இனி எங்கே போவது?’

2025 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை முற்பகல், பசறை வீதிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கணவனும் மனைவியுமாக இருவர் என் வீட்டுக்கு வந்தனர். அவர்களுடைய மூத்த மகன் ஒரு காலத்தில் என் மாணவன். வெளியே கச்சான் காற்று வறண்டு வீசிக்கொண்டிருந்தது. கொழுந்தைச் சற்றே வாட்டி, ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிலே தனிப்பெயர் தேடித் தந்த அந்த மணத்தை ஊட்டும் காற்று அதுவே. அக்காற்றிலே முப்பத்துநான்கு ஆண்டுகள் கொழுந்து பறித்த கைகளால், அந்த அம்மையார் ஒரு மஞ்சள் துணிப் பையைத் திறந்து, வங்கிப் புத்தகமொன்றை எடுத்து என் மேசைமீது வைத்தார்.

“சர்வீஸ் காசும் ஈ.பி.எஃப். காசும் வந்திருச்சுங்க மாஸ்டர். என்னா தொழில் தொடங்கலாம்னு நீங்கதான் சொல்லணும்” என்றார் கணவர்.

புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். பதினாறு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான தொகை. அம்மையார் ஒன்றும் பேசவில்லை. அவர் பார்வை புத்தகத்தின் மீது இருந்தது. எங்கள் இருவர் மீதும் இல்லை.

இந்தப் பணம் என்ன பணம் என்பதை வாசகர்கள், குறிப்பாகத் தோட்ட வாழ்க்கையை அறியாத இளைஞர்கள், தெரிந்துகொள்ளுதல் வேண்டும். ஊழியர் சேமலாப நிதி 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்டது. தொழிலாளி தம் சம்பளத்தில் 8 வீதத்தையும், தொழில் தருவோர் 12 வீதத்தையும் மாதந்தோறும் அதிலே செலுத்த வேண்டும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதனைப் பெறும் உரிமை அடைகிறார்கள். 1980 ஆம் ஆண்டிலே ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி வந்தது. அதற்குத் தொழில் தருவோர் மட்டும் 3 வீதம் செலுத்துகின்றனர். 1983 ஆம் ஆண்டிலே பணிக்கொடைச் சட்டம் வந்தது. மாதச் சம்பளம் பெறாத தொழிலாளிக்கு, ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத சேவை இருப்பின், ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் பதினான்கு நாட்சம்பளம் என்பது அதன் கணக்கு. இதைத்தான் தோட்டத்து மக்கள் ‘சர்வீஸ் காசு’ என்கின்றனர்.

அந்தக் கணக்கை அம்மையாரின் முன்னிலையிலேயே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். முப்பத்துநான்கைப் பதினான்கால் பெருக்கினால் 476 நாட்சம்பளம். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக வேண்டும் என்று தோட்டங்களிலே ஆண்டுக்கணக்காகக் குரல் எழுந்து, 2021 ஆம் ஆண்டிலேதான் அது கைகூடியது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாயிற்று. அந்த வீதத்தில் 476 நாளுக்கு 6,42,600 ரூபாய். எஞ்சியது சேமலாப நிதியும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் வட்டியோடு சேர்ந்தது.

ஆகவே, இது அதிர்ஷ்டலாபச் சீட்டில் விழுந்த பணமன்று. அட்டைக் கடியிலும் பனியிலும், கூடை முதுகை அழுத்த அழுத்த, நாளுக்கு நாள் பிடித்து வைக்கப்பட்ட கூலி அது. ஆயினும், வீட்டுக்கு வரும்போது அது அதிர்ஷ்டத்தின் வேடத்தில்தான் வருகிறது. பத்தாந் தேதிச் சம்பளத்தைக் கடைக்கடனுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கும் பங்கிட்டுப் பழகிய கைக்கு, வாழ்நாளில் ஒரே ஒருமுறை, ஒரே நாளில், பதினாறு இலட்சம் வந்து சேர்கிறது. சிறுகச் சிறுக வந்தால் சிறுகச் சிறுகச் செலவிடத் தெரியும். மொத்தமாக வந்தால் என்ன செய்வதென்பதை யாரும் கற்றுத் தந்ததில்லை. நாங்கள் பள்ளிக்கூடத்திலே வட்டிக் கணக்கும் இலாப நட்டக் கணக்கும் கற்பித்தோம். ‘ஒரு வியாபாரி ஒரு பொருளை வாங்கி விற்றான்’ என்று தொடங்கும் அந்தக் கணக்குகளில், அந்த வியாபாரி வாங்கிய பொருளை யாரும் கடனுக்குக் கொண்டுபோனதில்லை!

எங்கள் மக்களின் கைக்கு இவ்வாறு ஒரு மொத்தப் பணம் வந்தது இது முதல்முறையன்று. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றவர்களென எண்ணப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரு அரசாங்கங்கள் மனிதரைப் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஆம் ஆண்டிலே சரிபாதியாகப் பிரித்தனர். நான் சிறுவனாயிருந்த எழுபதுகளில், பதுளைப் புகைவண்டி நிலையத்திலே அழுகுரல் கேட்காத மாதம் அரிது. தலைமன்னாருக்குப் போகிறவர்களை ஏற்றிச் சென்ற அந்த வண்டிக்கு மலைநாட்டு மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டார்கள். ஏறியவர்களின் மடியில் சேமலாப நிதிப் பணமும் சேவைப் பணமும் இருந்தன. மண்டபம் முகாமில் இறங்கிய பின் அவர்களுள் மிகப் பலருக்கு இந்திய அரசாங்கத்தின் தொழிற்கடன் கிடைத்தது.

கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் மட்டுமே அறிந்தவர்களிடம், ‘இந்தா பணம், ஒரு கடை வைத்துப் பிழைத்துக்கொள்’ என்று சொல்லப்பட்டது. இடம் புதிது, வெயில் புதிது, வாங்குபவரும் புதியவர். கடை வைத்தவர்களிற் பலர் முதலை இழந்தனர். இழந்தவர்கள் திரும்பவும் மலையைத் தேடி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கூலி வேலைக்குச் சென்றனர். தாயகம் திரும்பியோருக்கென 1969 ஆம் ஆண்டிலே ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கத் தொடங்கி, பின்னர் அவை ‘டான்டீ’ என்னும் கழகமாயின. அங்கே வேலை பெற்றவர்களுக்கும் துன்பங்கள் இருந்தன. எனினும், தெரிந்த தொழில் கையில் இருந்தது. பணம் தொழிலைத் தருவதில்லை, தெரிந்த தொழிலுக்குத்தான் பணம் துணை நிற்கிறது என்னும் பாடத்தை, அத்தனை குடும்பங்களின் கண்ணீரைக் கொடுத்து எங்கள் சமுதாயம் வாங்கியிருக்கிறது.

வந்தவர்களின் வீட்டிலும் அந்தப் பாடம் ஒருமுறை நடந்தேறியிருந்தது. கணவர் 2013 ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவர். அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஆறு இலட்சம். லயத்தின் கோடியிலே ஒரு சில்லறைக் கடை போட்டார். மூன்று ஆண்டுகளில் கடையும் இல்லை, பணமும் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் தலை குனிந்தார். “ஊதாரித்தனம் ஒண்ணும் பண்ணலைங்க மாஸ்டர். கள்ளு சாராயம்னு ஒரு சதம் போகலை. எப்படிப் போச்சுன்னே தெரியலை” என்றார்.

எப்படிப் போயிற்று என்பது எனக்குத் தெரிந்தது. தோட்டத்திலே வாங்குபவர் அனைவருக்கும் ஒரே நாளிற் சம்பளம். ஆதலால் மாதம் முழுவதும் வியாபாரம் கொப்பியிலேதான் நடக்கும். நாற்பது குடும்பங்கள் மாதத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்ச் சாமான் கொப்பியில் எழுதி வாங்கினால், நாலு இலட்சம் ரூபாய் எப்போதும் பிறர் வீட்டு அடுப்பிலே இருக்கிறது. பத்தாந் தேதி முழுவதும் திரும்பி வந்தால் சரி. கலியாணமோ சாவோ சடங்கோ வந்த வீட்டில் பாதிதான் வரும். மறுபாதியைக் கேட்டால் உறவு முறியும். கேட்காவிட்டால் கடை முறியும். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று வாழும் லயத்தில், கடைக்காரனாக இருப்பதற்குச் சற்றே கல்நெஞ்சம் வேண்டும். அந்த மனிதருக்கு அது இல்லை. அவர் பணத்தைத் தொலைக்கவில்லை. கொப்பியிலே எழுதி எழுதி ஊருக்கு வழங்கிவிட்டார். இதை நான் விளக்கியபோது அவர் வெகு நேரம் என்னைப் பார்த்திருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தம்மைத் தாமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்த ஒருவருக்கு, குற்றத்தின் பெயர் முதன்முறையாகத் தெரிந்தது போலும்.

இப்பொழுது மனைவியின் பணம் வந்திருக்கிறது. வீட்டிலே ஆளுக்கொரு யோசனை. என் பழைய மாணவனாகிய மகனுக்கு ஓட்டோ வேண்டும். மருமகனுக்குப் பதுளை நகரத்தில் கடை வேண்டும். தூரத்து உறவினர் ஒருவர், ‘பணத்தைப் போட்டுவிட்டு ஆறு பேரைச் சேர்த்துவிட்டால் போதும், மாதந்தோறும் வீடு தேடி வரும்’ என்று கூறியிருந்தார்.

கடைசி யோசனையை முதலிலேயே வெட்டி எறிந்தேன். ஆள் சேர்த்தால் பணம் பெருகும் என்னும் பிரமிட் திட்டங்களை எங்கள் நாட்டில் வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவு தடை செய்திருக்கிறது. பொருளும் இல்லாமல் உழைப்பும் இல்லாமல் பணம் பணத்தைப் பெறுமாயின், யாரோ ஒருவருடைய பணம் செத்துக்கொண்டிருக்கிறது என்பதே பொருள். பெயர் பெற்ற நிறுவனங்களே கவிழ்ந்திருக்கின்றன. 2008 ஆம் ஆண்டிலே கோல்டன் கீ நிறுவனம் வீழ்ந்தபோது, படித்தவர்களும் பதவியில் இருந்தவர்களும்தான் கையைப் பிசைந்து நின்றார்கள்.

மறு ஞாயிற்றுக்கிழமை மகனையும் மருமகனையும் அழைத்து வரச் சொன்னேன். வந்தார்கள். இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன். “இந்தத் தொழிலில் இலாபம் எவ்வளவு என்று நான் கேட்கப் போவதில்லை. நட்டம் எப்போது வரும், எந்த வழியாக வரும்? அதை மட்டும் சொல்லுங்கள்.”

மகன், “ஓட்டோவுக்கு நட்டமே இல்லை சேர். நாளைக்கு ஐந்து ஹயர் கிடைச்சாலே போதும்” என்றான். 2022 ஆம் ஆண்டிலே பெற்றோலுக்கு இரவும் பகலும் வரிசையில் நின்ற வண்டிகளை அவனும் கண்டவனே. 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வண்டிக்குப் புதிய வண்டியின் விலை ஏறியது. 2025 ஆம் ஆண்டிலே இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. தடைக்காலத்து விலையைக் கொடுத்துப் பழைய வண்டியை வாங்குகிறவன், விலை இறங்கும்போது என்ன செய்வான்? லீசிங் பணம் கட்ட வேண்டிய நாளில் கால் முறிந்து படுத்தால் என்ன செய்வான்? பதுளை நிலையத்து வாசலில் இப்போது எத்தனை ஓட்டோக்கள் நிற்கின்றன என்று கேட்டேன். அவன் எண்ணிப் பார்த்ததில்லை.

மருமகனின் கடைக்கு முற்பணம் இன்னது என்பது தெரியும், வாடகை தெரியும், பெயர்ப்பலகையில் எழுத வேண்டிய பெயர்கூடத் தெரியும். எதை விற்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை!

நான் சிரிக்கவில்லை. சிரிக்கும் உரிமை எனக்கு இல்லை. அதன் காரணத்தையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

ஓய்வூதியத்தோடு எனக்கும் ஒரு மொத்தத் தொகை கிடைத்தது. அதைக் கொண்டு நகரிலே ஒரு புத்தகக் கடை திறந்தேன். ‘பதுளையில் நல்ல தமிழ்ப் புத்தகம் கிடைப்பதில்லை’ என்று வாழ்நாளெல்லாம் குறைபட்டவன் நான். நாவலும் கவிதையும் விமரிசனமும் தருவித்து அடுக்கினேன். மாலைதோறும் நண்பர்கள் கூடினார்கள், இலக்கியம் பேசினோம், தேநீர் நான் வாங்கித் தந்தேன். புத்தகத்தை எடுத்துப் புரட்டியவர்கள், ‘படித்துவிட்டுத் தருகிறேன்’ என்றார்கள். அவர்களுள் பலர் என் மாணவர்கள், எப்படி மறுப்பது? இரண்டாம் ஆண்டின் முடிவில் கடையைப் பூட்டினேன். விற்காத பரீட்சை வழிகாட்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை; விற்காத இலக்கியம் இன்றும் என் வீட்டுக் கட்டிலின் கீழே இருக்கிறது. மக்கள் எதை வாங்குவார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. எதை வாங்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நாளில் யாராவது என்னிடம் ‘நட்டம் எப்போது வரும்?’ என்று கேட்டிருந்தால், ‘புத்தகத்தில் நட்டமா?’ என்றுதான் விடை கூறியிருப்பேன்.

வள்ளுவர் ‘தெரிந்துசெயல்வகை’ என்று ஓர் அதிகாரமே வகுத்து, வரப்போகும் ஆதாயத்தை நம்பிக் கையிலுள்ள முதலை இழக்கும் காரியத்தில் அறிவுடையார் இறங்கமாட்டார் என்று எச்சரித்திருக்கிறார். அந்த அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கியவன் நான்.

இத்தனையையும் அவர்களிடம் மறைக்காமற் சொன்னேன். “இப்படி நட்டப்பட்டவனிடம் யோசனை கேட்க வந்தீர்களே, அதற்குத்தான் வருந்துகிறேன்” என்றேன். அப்போதுதான் அம்மையார் முதன்முறையாக வாய் திறந்தார்.

“கடை மூடின கதை தெரிஞ்சுதாங்க மாஸ்டர் வந்தோம். விழுந்தவங்களுக்குத்தானே குழி எங்க இருக்குன்னு தெரியும்?”

அந்தச் சொல் என்னை உலுக்கியது. இரண்டு வாரமாக அவருடைய பணத்தைப் பற்றி நான்கு ஆண்கள் பேசியிருந்தோம். உழைத்தவரை ஒருவரும் கேட்கவில்லை. “உங்களுக்கு என்ன விருப்பம், தங்கச்சி?” என்று கேட்டேன்.

“எனக்கு மாடு தெரியுங்க” என்றார்.

அவருடைய தாயார் லயத்துக்குப் பின்னால் மாடு வளர்த்தவராம். கொழுந்து மலைக்குப் போகுமுன் கறந்து, வந்த பின் புல்லறுத்துப் போட்டு வளர்ந்தவர் இவர். நான் அதே கேள்வியை அவரிடமும் கேட்டேன்: “நட்டம் எப்போது வரும்?”

அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். மாடு ஆண்டு முழுவதும் கறப்பதில்லை. ஈனுவதற்கு முன் இரண்டு மாதம் கறவையை நிறுத்த வேண்டும். அந்த இரண்டு மாதமும் தீனிச் செலவு உண்டு, வருவாய் இல்லை. கிடாரிக் கன்று பிறந்தால் ஆதாயம். காளைக் கன்று பிறந்தால் அவ்வளவு இல்லை. மடிநோய் கண்டால் பாலைக் கொட்ட வேண்டும். கச்சான் மாதங்களில் புல் கருகும். புண்ணாக்குக்குக் காசு வேண்டும். சினை பிடிக்காமல் ஒரு பருவம் தவறினால் அந்த ஆண்டே தவறிப் போகும். தமக்கும் வயதாகிறது, தலைச்சுமையாகப் புல்லைக் கொண்டுவர இன்னும் எத்தனை ஆண்டு முடியுமோ தெரியாது, மகள் உதவுவதாக ஒப்புக்கொண்டால்தான் தொடங்க வேண்டும்.

ஐந்து நிமிடத்தில் ஏழு வகை நட்டங்களைச் சொல்லிவிட்டார். இலாபத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவர் யார் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. வாங்குபவரும் லயத்து உறவினர் அல்லர்; பால் சேகரிக்கும் நிலையம். கொப்பிக் கடன் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. சாணியையும் வீசவேண்டியதில்லை, மரக்கறித் தோட்டக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

இவ்விடத்தில் ஆப்புத்தளைக்கு அருகேயுள்ள தம்பத்தென்னத் தோட்டத்தை எண்ணிக்கொண்டேன். உல்லாசப் பயணிகள் ‘லிப்டன் இருக்கை’ என்று ஏறிப் பார்க்கும் மலைமுகடு அங்குள்ளது. தோமஸ் லிப்டன் கிளாஸ்கோ நகரத்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. இளமையில் அமெரிக்காவுக்குச் சென்று, பலசரக்கு வாணிகத்தின் நெளிவு சுளிவுகளைக் கற்று, சிறிது பணத்தோடு ஊர் திரும்பினார். திரும்பியவுடன் கடை திறக்கவில்லை. தாய் தந்தையர் நடத்திய சிறு கடையிலேயே வேலை செய்தார். 1871 ஆம் ஆண்டில்தான் தமக்கென ஒரு கடை வைத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின், 1890 இல், கோப்பிச் செடியை அழித்த நோயால் நிலத்தின் விலை வீழ்ந்திருந்த இலங்கைக்கு வந்து ஊவாவிலே தோட்டங்களை வாங்கினார். அந்தச் செல்வத்தின் அடியில் எங்கள் முன்னோரின் மலிந்த உழைப்பு கிடக்கிறது என்பதை நான் மறக்கவில்லை. எனினும், அவர் வாழ்க்கையில் முன்னே வந்தது தொழிலறிவு. பின்னே வந்தது பணம். அந்த வரிசையை மாற்றியவர்கள்தாம் நானும் அந்தக் கணவரும்.

முடிவு செய்ய மேலும் ஒரு மாதம் சென்றது. கணவர் வங்கியை நம்ப மறுத்தார். “2022 இல சாமான் விலை ஏறினப்போ பேங்க் காசு கரைஞ்சு போச்சே மாஸ்டர்!” என்றார். அது மெய்தான். அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. வைத்த பணம் எண்ணிக்கையில் குறையவில்லை, பெறுமதியில் குறைந்தது. ஆயினும் கரைவது வேறு, கவிழ்வது வேறு என்று சொன்னேன். வைப்புக் காப்புறுதித் திட்டத்தின்படி, உரிமம் பெற்ற வங்கியொன்று கவிழ்ந்தாலும் ஒருவருக்கு 11 இலட்சம் வரை ஈடு கிடைக்கும் என்று 2021 ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்டிருந்தது. ஆகவே, பத்து இலட்சத்தை அம்மையாரின் பெயரிலேயே நிலையான வைப்பிலிட்டோம். ஓர் இலட்சத்தைத் தொடாக் காசு என்று தனியே வைத்தோம். மாடு வற்றும் மாதத்திலும், நோய் காணும் நாளிலும் மட்டும் அதில் கை வைக்கலாம். எஞ்சியதில்தான் கொட்டிலும், ஒரே ஒரு சினை மாடும். இரண்டாவது மாடு, முதல் மாடு சம்பாதித்துத் தந்தால் மட்டும்.

கொட்டில் எங்கே போடுவது என்பது அடுத்த கேள்வி. தோட்டத்து மக்களுக்குத் தாம் வாழும் மண் சொந்தமன்று. பரம்பரை பரம்பரையாக உழைத்தும் அந்த நிலைதான் பெரும்பாலானோருக்கு. நாட்டிய கால் நாளைக்குப் பிடுங்கப்படாமல் இருக்க, நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கச் சொன்னேன்; விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன். மருமகன் ஒரு சரிவின் அடியைக் காட்டி, ‘இங்கே தண்ணீர் வசதி’ என்றான். அம்மையார் மறுத்துவிட்டார். 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய செய்தியை எங்கள் மாவட்டத்திலே யார் மறப்பார்? தண்ணீரைச் சுமந்தாலும் சரி, மேட்டிலேதான் கொட்டில் என்றார், மேட்டிலேயே கட்டினார்கள்.

அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியது. பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பெருந்துயர் அடைந்தது. வீதிகள் அறுந்தன, நாட்கணக்கில் ஒருவரை ஒருவர் உசாவவும் முடியவில்லை. வழி திறந்த பின் அவர்களைப் பார்க்கச் சென்றேன். மருமகன் காட்டிய அந்தச் சரிவின் அடியிலே சேறும் பாறையும் மார்பளவு கிடந்தன. மேட்டிலே கொட்டில் நின்றது. கூரைத் தகரம் இரண்டைக் காற்று கொண்டுபோயிருந்தது. மாடும் கன்றும் நலம். நிலையத்துக்குப் பாலைக் கொண்டுபோக வழியில்லாத நாட்களில், கறந்த பாலை அயலிலுள்ள பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டாராம்.

“கொப்பியில் எழுதினீர்களா?” என்று கேட்டேன், சற்றுக் குறும்பாக.

“அது வியாபாரம் இல்லைங்களே மாஸ்டர்” என்றார் அவர்.

கணவர் உள்ளே சென்று, ஒரு பாடசாலைக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். பேர்த்தி எழுதும் கணக்கு அது. இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் வரவு. கன்று ஈன்ற நாள் முதல் அன்றுவரை கூட்டிப் பார்த்தால், புயல் நாட்களையும் சேர்த்து, சொற்ப நட்டம். அந்த நட்டத்தைத் தொடாக் காசிலிருந்து நிரப்பியதும் தேதியோடு எழுதப்பட்டிருந்தது. பத்து இலட்சம் தொடப்படவில்லை.

அது வெற்றிக் கதையா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியாது, மாட்டுக்குத்தான் தெரியும்! ஆனால் அந்த வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கொப்பி இருந்தது; அதிலே பணம் போனது எழுதப்பட்டிருந்தும், போனது எப்படியென்று யாருக்கும் விளங்கவில்லை. இப்பொழுது இருக்கும் கொப்பியிலே நட்டம் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, எப்போது போகும் என்பது பத்து வயதுப் பேர்த்திக்கும் தெரிகிறது. அந்தக் கணவர் அதைப் பிரித்துக் காட்டியபோது தலை குனியவில்லை.

புறப்படும்போது அம்மையார் ஒரு போத்தற் பாலை என் கையிலே தந்தார். விலையைக் கொடுக்கக் கையைப் பையில் விட்டேன். அவர் வாங்க மறுக்கவில்லை. எண்ணி வாங்கிக்கொண்டு, பேர்த்தியை அழைத்து வலப்பக்கத்தில் எழுதச் சொன்னார்.